ஜன்னல் பெரிசுதான், அறை ஏன் இருட்டு?

ஹட்டனுக்குப் பக்கத்து நகரம் ஒன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு பேர்ச்சஸ் காணி. கிழக்கே வீதியும் அதற்கப்பால் பள்ளத்தாக்கும். மேற்கே, அதாவது வீட்டின் பின்னால், மேடு. இரண்டு மாடி வீட்டுக்கான வரைபடத்தை நகர சபையில் கொடுத்திருந்தார். கீழ்மாடியின் பின்பக்க அறைகள் இரண்டுக்கும் இயற்கை வெளிச்சம் போதாது, குறுக்குவெட்டுப் படத்துடன் (காணியையும் வீட்டையும் செங்குத்தாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் கீறும் படம்) திருத்திக் கொடுக்கவும் என்று எழுதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அறைகளில் ஒன்று முழங்கால் வலியால் படியேற முடியாத அம்மாவுக்கு, மற்றது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்கு. படம் கீறியவர் “எல்லாம் சட்டப்படிதான் இருக்கு, கூரையில் ரெண்டு டிரான்ஸ்பேரண்ட் சீட் போடுறதா எழுதிக் கொடுப்போம்” என்கிறார். மேசன், மேட்டை இன்னும் மூன்று அடி வெட்டலாம் என்கிறார். லண்டனிலுள்ள அண்ணன் 25 பாகை, 27 சதவீதம், 20 வருட உரிமை என்று சில கணக்குகள் சொல்லியிருக்கிறார். தெற்குப் பக்கத்துக் காணிக்காரர் மூன்று மாடி கட்டப்போவதாகவும் கேள்வி. “அலுவலர் எதையோ எதிர்பார்க்கிறாரோ? எல்.ஈ.டி. போட்டால் போகாதா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்பின் சகோதரி,

உங்கள் கடைசிச் சந்தேகத்தை முதலில் எடுத்துவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால், அலுவலர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் உங்கள் படத்தில் இல்லை. பதிலைக் கொடுத்தால் அனுமதிக்கும் வழி திறக்கும், அம்மாவின் அறைக்கும் வெளிச்சம் வரும்.

சட்டப்படி சரி என்றால் ஏன் திருப்பினார்கள்?

படம் கீறியவர் இரண்டு எண்களைப் பார்த்திருக்கிறார். அறையின் தரைப் பரப்பில் ஏழில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும், அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பின்பக்கத்தில் 2.3 மீற்றர், அதாவது 7 அடி 6 அங்குலம், திறந்த வெளி விட வேண்டும் என்பது மற்றது. அறை 10 அடிக்கு 12 அடி, 120 சதுர அடி. ஏழில் ஒரு பங்கு 17 சதுர அடிக்குச் சற்று மேல். அவர் கீறிய ஜன்னல் 4 அடிக்கு 4½ அடி, 18 சதுர அடி. பின்வெளியும் சரியாக 7½ அடி. தாளில் இரண்டும் தேறுகின்றன.

இந்த இரண்டு எண்களும் சமதரைக் காணியை மனதில் வைத்தவை. கொழும்பில் 7½ அடி விட்டால் அதற்கப்பால் மதிலும் அதன்மேல் வானமும் இருக்கும். உங்கள் காணியில் 7½ அடிக்கு அப்பால் 9 அடித் தாங்கு சுவர். அதற்கு மேலே மேடு ஏறி, செடிகொடியோடு சேர்த்து உங்கள் தரைமட்டத்திலிருந்து 22 அடி உயரத்துக்குப் போகிறது. தளப்படத்தில் இது வெறும் கோடு. குறுக்குவெட்டில்தான் மலை தெரியும். அதனால்தான் அலுவலர் குறுக்குவெட்டைக் கேட்கிறார்.

ஜன்னலின் பரப்பு, வெளிச்சம் வரக்கூடிய வழியின் அளவை மட்டுமே சொல்கிறது. வழியில் எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதை அந்த ஜன்னல் பார்க்கும் வானம்தான் முடிவு செய்யும். ஹட்டன் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் பல நாள் சூரியனையே காண முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் வெளிச்சம் முழுவதும் மேகம் மூடிய வானத்திலிருந்தே வருகிறது. அப்படிப்பட்ட வானம் உச்சியில்தான் அதிக பிரகாசமாக இருக்கும்; அடிவானத்தைவிட மூன்று மடங்கு என்பது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. ஆகவே கீழ்வானத்தை மலை மறைப்பதைவிட, மேல்வானத்தை நாமே மறைப்பது பெரிய நட்டம். உங்கள் படத்தில் இரண்டும் நடக்கின்றன.

வானத்தை அளந்து பாருங்கள்

காணிக்குப் போகும்போது ஒரு கம்பும், சரிவுக்கோணம் காட்டும் செயலி உள்ள போனும் கொண்டு போங்கள். பின் ஜன்னல் வரப்போகும் இடத்தில் கம்பை நட்டு, தரைமட்டம் வரப்போகும் உயரத்திலிருந்து 5 அடி 3 அங்குலத்தில் குறி போடுங்கள். அதுதான் ஜன்னலின் நடுப்புள்ளி. அங்கே போனை வைத்து மேட்டின் உச்சியை, அதாவது வானம் தொடங்கும் விளிம்பைக் குறிபார்த்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று தடவை அளப்பது நல்லது. மேடு எங்கும் ஒரே உயரமாக இராது.

நீங்கள் தந்த அளவுகளை வைத்து நான் போட்ட கணக்கு இது. மேட்டின் விளிம்பு ஜன்னலிலிருந்து கிடையாக 15 அடி தூரத்தில், நடுப்புள்ளியைவிட 16¾ அடி உயரத்தில் இருக்கிறது. கோணம் 48 பாகை. அதற்குக் கீழே வானம் இல்லை. இனி மேலே பாருங்கள். ஜன்னலுக்கு மேலே 8 அடி உயரத்தில் 2 அடி நீளத்துக்கு ஒரு கொங்கிரீட் சன்ஷேட் கீறியிருக்கிறார்கள். நடுப்புள்ளியிலிருந்து அதன் நுனிக்குக் கோணம் 54 பாகை. அதற்கு மேலேயும் வானம் இல்லை. 48க்கும் 54க்கும் நடுவே 6 பாகை. 18 சதுர அடி ஜன்னல் முழுவதற்கும் தெரியும் வானம் இந்தக் கீற்று மட்டுமே.

இதை அறைக்குள் வரும் வெளிச்சமாக மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. கண்ணாடிப் பரப்பை ஒளி ஊடுருவும் விகிதத்தாலும் தெரியும் வானத்தின் பாகையாலும் பெருக்குங்கள். அறையின் சுவர், தரை, சீலிங் எல்லாவற்றின் மொத்தப் பரப்பை, ஒன்றிலிருந்து ஒளித்தெறிப்பின் (பட்ட வெளிச்சத்தில் திரும்பி வரும் பங்கின்) வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது சராசரிப் பகலொளி வீதம், அதாவது வெளியேயுள்ள வெளிச்சத்தில் உள்ளே கிடைக்கும் சதவீதம். உங்கள் 18 சதுர அடியில் சட்டம் போக கண்ணாடி 13½. ஒற்றைக் கண்ணாடிக்கும் அதில் படியும் அழுக்குக்குமாக 0.64. 9 அடி உயர அறையின் மொத்தப் பரப்பு 636 சதுர அடி. நடுத்தர நிறச் சுவரென்றால் ஒளித்தெறிப்பு 0.5. வரும் விடை 0.11 சதவீதம்.

வெளியே மேகமூட்டத்தில் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டால், உள்ளே சராசரி 11 லக்ஸ்தான். எழுத்து வாசிக்க 300 வரை வேண்டும். படுக்கையறைக்கு 1, இருக்கும் அறைக்கு 1.5, சமையலறைக்கு 2 சதவீதம் என்பது இந்தச் சூத்திரத்தோடு பிரித்தானியாவில் நெடுங்காலம் கையாளப்பட்ட குறைந்தபட்ச அளவு. நமது சட்டம் இதைக் கேட்பதில்லை. ஆனால் எந்தத் திருத்தம் பலன் தரும், எது தராது என்று கண்டுகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இப்போது ஒவ்வொரு யோசனையையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

ஜன்னலை இரட்டிப்பாக்கினால் 0.11 என்பது 0.22 ஆகும். செலவு இரட்டிப்பு, அறை இன்னும் இருட்டு. ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது சன்ஷேட்டில். கொங்கிரீட்டுக்குப் பதிலாக இரும்புச் சட்டத்தில் தெளிவான பொலிகாபனேட் தகடு பொருத்தினால் மழையும் மறையும், மேல்வானமும் தெரியும். தகடு ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்னும் என்று கழித்தாலும் 0.63 வரும். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அடுத்து, மேட்டின் விளிம்பிலுள்ள 22 அடியில் மேல் 5 அடி காட்டுச் சூரியகாந்தியும் மானாப்புல்லும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டால் கோணம் 48இலிருந்து 38க்கு இறங்கும், வெளிச்சம் 0.81. வேரைப் பிடுங்க வேண்டாம், வேர்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மேலே வெட்டிவிட வேண்டியிருக்கும். அந்த விளிம்பு உங்கள் எல்லைக்குள் இல்லையென்றால் காணிக்காரரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். அறைச் சுவருக்கும் சீலிங்குக்கும் வெள்ளை அடித்தால் 0.95. இவ்வளவும் செய்த பிறகு ஜன்னலை 6 அடி அகலமாக்குங்கள், அப்போது 1.4 வரும். அதே கூடுதல் அகலம் முதலில் செய்திருந்தால் கண்ணுக்கே தெரிந்திராது.

தாங்கு சுவரின் முகத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் நல்லதே. இந்தச் சூத்திரம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்றாலும், அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அறைக்குள் வரும். ஒரு மழைக்காலத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். வருடா வருடம் தேய்த்து அடிக்க மனமிருந்தால் செய்யுங்கள்.

மகளின் மேசைக்கு இன்னொரு சோதனை. குறுக்குவெட்டுப் படத்தில் மேசை உயரமான 2½ அடியிலிருந்து மேட்டின் விளிம்புக்குக் கோடு கீறுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பிலோ சன்ஷேட்டிலோ இடிக்காமல் போகிறதா என்று பாருங்கள். இப்போதைய படத்தில் ஜன்னலிலிருந்து 3 அடிக்கு அப்பால் மேசை போட்டால் அங்கிருந்து வானம் கொஞ்சமும் தெரியாது. தகடு மாற்றினால் 5 அடி வரை தெரியும். செடியும் வெட்டினால் கிட்டத்தட்ட 8 அடி.

மேட்டை வெட்ட வேண்டாம்

மேசன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அடியில் மூன்று அடி வெட்டினால் வெளிச்சம் ஒரு துளியும் கூடாது. வானத்தை மறைப்பது தாங்கு சுவரின் அடி இல்லை, மேலேயுள்ள விளிம்பு. அடியை வெட்டினாலும் விளிம்பு அதே 15 அடியில்தான் நிற்கும், கோணம் அதே 48தான். கிடைப்பது செங்குத்தான மண்வெட்டும் கால் போன தாங்கு சுவரும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தில் நடந்த மண்சரிவுகளை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். நுவரெலியா மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் சரிவில் கட்டவே கூடாது. அறிக்கை எடுத்த பின் மேட்டின் வடிவத்தை மாற்றினால் அந்த அறிக்கை உங்கள் காணியைப் பற்றியதாக இராது. பின்வெளியில் உள்ள கானையும் குறுக்க வேண்டாம். தாங்கு சுவரின் வடிகால் துளைகளிலிருந்து வரும் நீர் போக வழி வேண்டும்.

அறைகளை மாற்றிப் பாருங்கள்

மேலே சொன்ன திருத்தங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மேல்மாடியின் பின் ஜன்னல் கீழ் ஜன்னலைவிட 10 அடி உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து அதே மேட்டின் கோணம் 24 பாகைதான். அதாவது உங்கள் வீட்டில் பின்பக்கம் முழுவதும் இருட்டில்லை, கீழ்மாடியின் பின்பக்கம் மட்டுமே இருட்டு. அந்த இடத்தைக் குளியலறைக்கும் களஞ்சிய அறைக்கும் படிக்கட்டுக்கும் கொடுங்கள். மகளின் அறையை மேலே கொண்டுபோங்கள்.

அம்மா படியேற முடியாது. அப்படியானால் கீழ்மாடியில், கிழக்கே, இப்போது வரவேற்பறை இருக்கும் இடம் அம்மாவுடையதாக இருக்கட்டும். மலையகத்தில் காலை பெரும்பாலும் தெளிவாகவும் மதியத்துக்குப் பின் மூடுபனியுமாக இருப்பதால், ஒரே அளவு ஜன்னலென்றாலும் மேற்கைவிடக் கிழக்குக்குத்தான் வெயில் கூடுதல். வருகிறவர்கள் ஒரு மணிநேரம் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அம்மா நாள் முழுக்க அந்த அறையில் இருப்பார். வயதான கண்ணுக்கு நமக்கு வேண்டியதைவிட அதிக வெளிச்சம் வேண்டும். முன்னறையில் படுக்கை போடுவதா என்று உறவினர்கள் கேட்கலாம். கேட்கட்டும். பத்துக்குப் பன்னிரண்டு லயத்து அறையில், ஒரு கதவு வெளிச்சத்தில் ஆயுளைக் கழித்த தலைமுறை அது. சொந்த வீட்டிலாவது அவர்களுக்குக் காலை வெயில் கிடைக்க வேண்டும்.

சமையலறை அக்கினி மூலையில், தென்கிழக்கில், இருக்க வேண்டும் என்ற அம்மாவின் விருப்பத்தை மாற்றத் தேவையில்லை. அது கத்தியும் நெருப்பும் புழங்கும் இடம், அதற்கும் நல்ல வெளிச்சம் வேண்டும். அகலத்தைக் கொஞ்சம் குறைத்து நீளத்தைக் கூட்டினால் அம்மாவின் அறைக்கு இடம் வரும்.

வரவேற்பறை நடுவுக்கு வரும்போது அதற்கு மேலிருந்து வெளிச்சம் கொடுக்கலாம். படம் கீறியவர் சொன்ன டிரான்ஸ்பேரண்ட் சீட்டுக்குச் சரியான இடம் படிக்கட்டின் மேல்தான். மேகமூட்டத்தில், மறைப்பே இல்லாத ஜன்னலுக்குக் கிடைப்பதைப்போல் இரண்டரை மடங்கு வெளிச்சம் கிடையாக இருக்கும் திறப்புக்குக் கிடைக்கும். ஆனால் அவர் சொன்னபடி பின்னறைகளுக்கு அது உதவாது. மேலே ஒரு மாடி இருக்க, கூரைச் சீட்டின் வெளிச்சம் கீழறைக்கு எப்படி இறங்கும்? தவிர, திறக்க முடியாத சீட் காற்றோட்டத்துக்கான கணக்கில் சேராது. போடுவதானால் கூரைத் தகரத்தின் அலை வடிவத்துக்கே பொருந்தும் சீட்டாக வாங்குங்கள். பக்க ஒன்றிணைப்பில் இரண்டு அலை மேற்படியட்டும். திருகாணியை அலையின் மேட்டில், ரப்பர் வொஷரோடு போடச் சொல்லுங்கள். பள்ளத்தில் போட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். குளிர்ந்த காலையில் சீட்டின் உட்புறம் வியர்த்துச் சொட்டும், அதனால் அதன் கீழே மின்விளக்கோ சுவிட்சோ வைக்காதீர்கள். சில வருடத்தில் சீட் மஞ்சளாகும் என்பதையும் கணக்கில் வைத்து, கழற்றி மாற்றக்கூடியபடி பொருத்துங்கள்.

எல்.ஈ.டி. பற்றிக் கேட்டீர்கள். இரவுக்குச் சரி. பகலொளிக்கான தேவையை மின்விளக்கால் நிறைவேற்றியதாகக் காட்ட முடியாது. வெயிலும் காற்றும் படாத அறையில், உங்கள் ஊர் ஈரத்தில், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். விளக்கு அதைக் காயவைத்துத் தராது.

லண்டன் கணக்கும் 20 வருட உரிமையும்

அண்ணன் சொன்ன எண்கள் பொய்யில்லை, அவை அந்த ஊருக்குரியவை. எதிர்க்கட்டடம் கீழ் ஜன்னலின் நடுவிலிருந்து 25 பாகைக்கு மேல் உயர்ந்தால் மேலும் ஆராய வேண்டும் என்பதும், ஜன்னலில் விழும் வானொளி 27 சதவீதத்துக்குக் கீழே போய், முன்பிருந்ததில் 0.8 பங்குக்கும் குறைந்தால் பாதிப்பு உணரப்படும் என்பதும் பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் வழிகாட்டியிலுள்ளவை. அங்கேயே அவை சட்டமில்லை, வழிகாட்டிதான். உங்கள் நகர சபையில் அதைக் காட்டி வாதாட முடியாது. கைவிளக்காக வைத்துக்கொள்ளலாம்: உங்கள் மேல்மாடியின் 24 பாகை அந்தச் சோதனையில் தேறுகிறது, கீழ்மாடியின் 48 தேறவில்லை.

20 வருடம் வெளிச்சத்தை அனுபவித்தால் உரிமையாகிவிடும் என்பது இங்கிலாந்தின் 1832ஆம் ஆண்டுச் சட்டம். இலங்கையில் காணி விடயங்களுக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். பக்கத்துக் காணிக்காரர் விதிப்படி இடம் விட்டுக் கட்டினால், உங்கள் ஜன்னல் இருட்டாகிறது என்பதற்காக மட்டும் அவரைத் தடுக்கலாம் என்று நம்பியிருக்காதீர்கள். இன்னும் கட்டாத வீட்டுக்குப் பழைய ஜன்னல் என்ற பேச்சுக்கும் இடமில்லை. அவருடைய காணி உறுதியிலோ உங்களுடையதிலோ வெளிச்சம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒரு நொத்தாரிசிடம் காட்டிப் பாருங்கள். இருவரும் ஒத்துக்கொண்டால் புதிதாக ஓர் உடன்பாட்டை எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியவும் முடியும். வாய்ப்பேச்சு காணி கைமாறும்போது போய்விடும்.

அவர் மூன்று மாடி கட்டிவிட்டார் என்று வைத்தே உங்கள் படத்தைக் கீறுங்கள். தெற்கு ஜன்னலை மேலதிக வெளிச்சமாக வையுங்கள், எந்த அறையும் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நம் ஊரில் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் உச்சியில்கூட 60 பாகை உயரத்தில்தான் நிற்கும். உங்கள் பக்கத்தில் நல்ல வெயில் காயும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலமும் இதற்குள்தான் வருகிறது. ஆகவே தெற்கிலுள்ள மூன்று மாடி, வெயில் கிடைக்கும் மாதங்களில்தான் உங்களை அதிகம் மறைக்கும். அவர் எல்லைக்கு நெருங்கி, விட வேண்டிய இடம் விடாமல் கட்டுவதாகத் தெரிந்தால், அத்திவாரம் வெட்டும் கட்டத்திலேயே நகர சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். சிலாப் போட்ட பிறகு எல்லோருக்கும் கஷ்டம்.

திருப்பிக் கொடுக்கும்போது

பின்மேட்டின் உச்சியிலிருந்து முன்வீதி வரை போகும் ஒரு குறுக்குவெட்டு, 1:100 அளவில். அதில் தாங்கு சுவரின் உயரம், பின்வெளி, மேட்டின் விளிம்பு, ஜன்னலின் நடுப்புள்ளி, அங்கிருந்து வானக்கோடு, பாகை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கட்டும். ஜன்னல் அட்டவணையில் அறைவாரியாகத் தரைப் பரப்பு, ஜன்னல் பரப்பு, திறக்கும் பரப்பு, விகிதம். சன்ஷேட்டை எதனால் செய்கிறீர்கள் என்ற விபரப்படம். மண்சரிவு அறிக்கையின் பிரதி. என்னென்ன மாற்றினீர்கள் என்று அரைப்பக்கக் கடிதம். கொடுக்கும் முன் தொழில்நுட்ப அலுவலரைச் சந்தித்து, உங்கள் பகுதிக்கு இப்போது நடைமுறையிலுள்ள ஜன்னல் விகிதத்தையும் இடைவெளிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் 2021இல் புதுப்பிக்கப்பட்டன. சில படம் கீறுகிறவர்கள் இன்னும் 1986 விதிகளின் பழக்கத்தில்தான் கீறுகிறார்கள்.

அனுமதி கையில் வரும் வரை அத்திவாரம் வெட்ட வேண்டாம். அனுமதித்த படத்துக்கு மாறாக, வேலை நடக்கும்போது மேசன் சொன்னாரென்று கொங்கிரீட் சன்ஷேட் போட்டுவிடவும் வேண்டாம். கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் எடுத்த பிறகே குடிபோக முடியும். அதற்காக வந்து பார்ப்பவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜன்னல்களை எண்ணுவார்.

பருவமழை தொடங்கிய பின் ஒரு மேகமூட்ட நாளில், காலை பத்து மணிக்குக் காணியில் நின்று அந்தக் கோணங்களை அளந்து அனுப்புங்கள். என் கணக்கு நீங்கள் எழுதிய அளவுகளில் போட்டது. மேட்டின் விளிம்பு இரண்டு அடி கூடினாலோ குறைந்தாலோ எண்கள் மாறும், ஜன்னலின் அகலத்தையும் அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.